அண்ணி நிறுத்தும் இடங்கள்

என் நாத்தனார் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறார் என்றதும் எனக்கு வந்த முதல் கவலை என் தையல் மிஷினைப் பற்றியது. எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு கூடம். ஓர் அறையில் நாங்கள் படுப்போம். மற்றதில் என் மிஷின், துணி வெட்டும் மேசை, பள்ளிக்கூடச் சீருடைக் கட்டுகள். கூடத்தில் மகள் புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பாள். "அக்காவுக்கு மிஷின் ரூமக் குடுத்துடலாம்" என்று என் கணவர் சொன்னார், பூட்டிக் கிடக்கும் மாளிகையைத் திறந்துவிடுவதுபோல.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்வாங்க. உங்க அக்கா எத்தன நாளு?" என்று கேட்டேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் அவருக்குக் காது கேட்காது.

அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் ஆளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்கள் கல்யாணத்துக்கு மறுவாரமே சபையார் அவரை மலைநாடு ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற ஊழியம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு முறை லீவில் வந்தார். வந்த நாளெல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகவே சரியாக இருந்தது. மாமியார் இறந்தபோது பனியில் பாதை அடைத்துக்கொண்டதென்று வர முடியவில்லை. இப்போது திடீரென்று, வேலை முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். என்ன முடிந்தது, எதனால் முடிந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த தலை, குளிர்நாட்டு வெடிப்புகள் ஆறாத கன்னம். கூடத்து பெஞ்சில் உட்காரச் சொன்னால் இடது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார், பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்காரப்போவதுபோல. கட்டிலிலும் அப்படித்தான். "தாராளமா உக்காருங்க அண்ணி, உங்க தம்பி வீடுதானே" என்றேன். சிரித்தார். நகரவில்லை.

அன்று சாயங்காலம் போதகர் ஐயாவும் சபையில் நாலைந்து பேரும் பார்க்க வந்தார்கள். டீ ஊற்றுவதற்கு முன்னால், "டீச்சரம்மா ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்றார் போதகர். எல்லோரும் கண்ணை மூடினோம். அண்ணி எழுந்து நின்று, "பரம தகப்பனே, பத்திரமாக என்னை என் சொந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்காக உமக்கு நன்றி செலுத்துகிறேன்" என்றார். நிறுத்தினார்.

நாங்கள் காத்திருந்தோம். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. யாரோ "ஆமென்" என்றார்கள். எல்லோரும் "ஆமென்" என்று கண்ணைத் திறந்துவிட்டோம். அண்ணி மட்டும் கண்ணை மூடியபடி நின்றுகொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத் திறந்து, ஒவ்வொருவர் கையிலும் டீக் கோப்பை இருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஜெபம்னா இப்படி இருக்கணும், ரத்தினச் சுருக்கமா" என்றார் போதகர். அவருடைய ஜெபம் ஆரம்பித்தால் அடுப்பில் ஏற்றியது அடிப்பிடித்துவிடும். அவர் அப்படிச் சொன்னதும் என் மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் மறுவாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒரு வரி, ஒரு நிறுத்தம், நாங்கள் ஆமென். ஜெபத்தில் மட்டும் இல்லை. நாலு பேர் கூடினால் பேச்சிலும் அதேதான். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்து நிற்பார். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். என்னோடு தனியாக இருக்கும்போது நன்றாகத்தான் பேசினார். இதை என் கணவரிடம் சொன்னால் அவர் எங்கே கேட்டார்! அக்காவுக்கு மறதி வியாதி என்று தானே முடிவு கட்டி டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் அறையில் அண்ணி தனியாக உட்கார்ந்து மடமடவென்று பேசியிருக்கிறார். "உங்க அக்கா தெளிவா இருக்காங்க. உங்களுக்குத்தான் ரத்தக் கொதிப்பு கொஞ்சம் கூட இருக்கு" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

அண்ணிக்கு ஒரே ஆசைதான் இருந்தது. சபையில் ஓய்வுநாள் வகுப்பு எடுக்க ஆளில்லாமல் இருந்தது. அதைத் தனக்குக் கொடுங்கள் என்று போதகரிடம் கேட்டார். தனக்கென்று அவர் எதையாவது கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். போதகரும் என் கணவரும் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள்: ஒரு ஞாயிறு எடுத்துப் பார்க்கட்டும், சரியாக வந்தால் வகுப்பு அவருக்கு, இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கான இல்லம் ஒன்று வேறு ஊரில் இருக்கிறது, அங்கே ஓர் இடம் பேசியாயிற்று. அண்ணிக்கும் அது எப்படியோ தெரிந்திருந்தது. சனிக்கிழமை முழுக்க என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, காகிதத்தில் ஆடுகளை வரைந்து என் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டினால் எனக்கு உச்சிக்கு ஏறும். அன்று வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னால் உள்ள நீண்ட அறையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில். அண்ணி கரும்பலகைக்கு முன்னால், நடுவில் நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நின்றார். "ஒரு மேய்ப்பன் இருந்தான். அவனுக்கு நூறு ஆடுகள் இருந்தன" என்றார். நிறுத்தினார்.

பிள்ளைகள் பார்த்தார்கள்.

"அதிலே ஒரு ஆடு தொலைந்துபோயிற்று." மறுபடி நிறுத்தம். தலை வலப்பக்கம் சாய்ந்தது.

ஒரு பெண்குழந்தை, டீச்சருக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, "அப்புறம் அவன் தேடிக்கிட்டு போனான்" என்று எடுத்துக்கொடுத்தது. வேறொன்று, "கிடைச்சிருச்சு!" என்று கத்தி கதையையே முடித்துவிட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. அண்ணி இன்னொரு முறை முயன்றார். ஒரு வரி, நிறுத்தம். பிள்ளைகள் கோரஸாக "ஆமென்" என்றார்கள். எங்கள் வீட்டு வேடிக்கையை என் மகள்தான் பள்ளித் தோழிகளிடம் பரப்பியிருக்க வேண்டும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அந்த ஊர் வாய் என் வயிற்றிலேயே பிறந்திருந்தது. போதகர் உள்ளே வந்து, "டீச்சரம்மா களைச்சுப் போயிருக்காங்க" என்று பூசி மெழுகி, வகுப்பைத் தானே முடித்தார். அண்ணி காகித ஆடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊருக்கே தெரியும். மிஷின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "எதுக்கு அண்ணி நிறுத்துறீங்க? நல்லாத்தானே பேசுறீங்க? யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அண்ணி கட்டிலின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "வாலுக்காக" என்றார்.

வால் என்பது அங்கே தன்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்த தோழிக்கு அவர் வைத்த பெயர். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்த விதவை. அண்ணிக்கு அந்த நாட்டுப் பேச்சு கடைக்குப் போய் உப்பு வாங்குகிற அளவுக்குத்தான் வந்ததாம். அவளோ ஒரே வருஷத்தில் நம் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் இருவரும் சேர்ந்துதான். அண்ணி ஒரு வரி சொல்வார், வலப்பக்கம் நிற்கும் அவள் அதைத் தன் பேச்சில் சொல்வாள். வீட்டு வாடகையும் இருவருக்கும் பொது, போர்வையும் பொது.

"நான் நீட்டி முழக்கி ஒண்ணு சொல்வேன், அவ ரெண்டே வார்த்தையில முடிச்சுருவா. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். என்னடி சொன்னேன்னு கேட்டா, நீங்க சொன்னதத்தான் சொன்னேன்னு சாதிப்பா." சொல்லும்போது அண்ணியின் முகமே வேறாக இருந்தது. "கத்தி மாதிரி வாய். உன்னைப் பாத்தா அவ நெனப்புதான் வருது."

"புகழ்றீங்களா, திட்டுறீங்களா?"

"ரெண்டும்தான்."

போன குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி, ஒரு வாரத்தில் வால் போய்விட்டாள். கல்லறையில் அண்ணியைத்தான் ஜெபம் செய்யச் சொன்னார்களாம்.

"என் தோழியை உம்முடைய கையில் ஒப்படைக்கிறேன்னு ஒரு வரி சொன்னேன். சொல்லிட்டு நின்னேன். எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. யாரும் சொல்லல. கொஞ்ச நேரம் எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, அதச் சொல்ல வேண்டியவ பெட்டிக்குள்ள இருக்கான்னு." அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது வரி வரவே இல்ல. அப்படியே மண்ணப் போட்டுட்டாங்க. இருபது வருஷம் கூட இருந்தவளுக்கு ஒரு ஜெபத்தை என்னால முடிக்க முடியல."

அதற்குப் பிறகு தனியாக வகுப்பு எடுத்துப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. அதனால்தான் அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் மிஷினை ஓட்டுவேன். நூல் கோக்காத மிஷினை வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கணவர், அக்காவை அந்த ஊழியர் இல்லத்துக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச்செடுத்தார். "அண்ணி எங்கயும் போகல. பித்தான் தைக்க எனக்கு ஆள் வேணும்" என்றேன். என் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்றைய குடும்ப ஜெபத்தில் அண்ணி எழுந்து நின்று, "ஆண்டவரே, எங்கள் மீறுதல்களை எல்லாம் மன்னித்தருளும்" என்றார். நிறுத்தினார். ஆமென் சொல்ல மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் தொடையில் கிள்ளிவிட்டு எழுந்து, அண்ணிக்கு வலப்பக்கம் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பேச்சில் சொன்னேன்: "காலைல நான் கத்துனத மன்னிச்சிருங்க. எம்பொண்ணு சபை முழுக்கத் தம்பட்டம் அடிச்சத அவகிட்டயே கேட்டுக்கோங்க."

கண்ணை மூடியிருந்த அண்ணியின் உதடு துடித்தது. பிறகு இரண்டாவது வரி வந்தது. மூன்றாவதும் வந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் சபைத் தமிழில் ஒன்று சொல்வார், நான் வீட்டுப் பேச்சில் ஒன்று சொல்வேன். "எங்கள் தேவைகளைச் சந்தியும்" என்பார் அவர். "பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள காஜா மிஷின் ரிப்பேர் ஆகிடாம பாத்துக்கோங்க" என்பேன் நான். கணவர் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் தன் ரத்தக் கொதிப்பையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். வகுப்பை மட்டும் யாரும் திரும்பக் கொடுக்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. ஞாயிறுகளில் அந்த நீண்ட அறையைத் தாண்டும்போது அவர் நடை வேகமாகும். காகித ஆடுகள் கடைசிவரை பைக்குள்ளேயே இருந்தன.

ஒரு நாள் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றார். நானும் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். "என் தோழியை உம்முடைய கையில் ஒப்படைக்கிறேன்" என்றார்.

நான் என் வரியைச் சொன்னேன்: "அவளை நல்லா பாத்துக்கோங்க. பெரிய வாயாடி. எங்க அண்ணியைப் பாதி வழியில தனியா விட்டுட்டு வந்திருக்கா, அது ஏன்னு கொஞ்சம் கேளுங்க."

அண்ணி என் தோளில் சாய்ந்து, சத்தம் போட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபத்தை முடித்தார். ஆமென் என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். கடைசி வாரங்களில் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. நான் காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டு, என் வரியைச் சொல்வேன். ஒரு மத்தியானம், நான் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலின் இடது ஓரத்தில் படுத்தபடியே போய்விட்டார்.

கல்லறையில் கூட்டம் அதிகமில்லை. போதகர் என்னைப் பார்த்து, "நீங்கதான் கூட இருந்து பாத்துக்கிட்டீங்க. நீங்களே ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார். குழிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். எனக்கா பேச்சுக்குப் பஞ்சம்? ஆனால் வாய் திறக்கவில்லை. எனக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தேன். அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தேன்.

நேரம் போனது. கணவர் முழங்கையால் இடித்தார். பின்னாலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் இருங்க," என்றேன், "அண்ணி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."