மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன்

சுனாமிக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய வீடு எங்களுடையது. கட்டியவர் எங்கள் சொந்தத்தில் ஒருவர். அதனால் நாங்கள் ஒன்றையும் கவனிக்கவில்லை.

போன வருடம் ஒரு நாள், அஸர் தொழுகை நேரம். மகள் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போயிருந்தாள். அவளுடைய அறையில் பெரிய சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மேலே கூரையாகப் போட்ட கொங்கிரீட் பிளேட்டிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து தலையணையில் கிடந்தது. கட்டிலில் ஏறிக் கம்பியைத் தொட்டேன். துரு உதிர்ந்தது.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருப்பார், அந்த அறையில். மாரி மழைக்கு முன்னர் பிளேட்டை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும். யாரிடம் கொடுப்பது? அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவர் கட்டாரில். தன் தங்கச்சியின் மகன் வீடு கட்டக் கொந்தராத்து எடுக்கிறான், அவனிடம் கொடு என்று போனில் சொன்னார். வெளியாளிடம் கொடுத்தால் தங்கச்சி நம் வாசலை மிதிக்க மாட்டாள் என்றும் சொன்னார். அவன் எனக்கு மருமகன் முறை, அன்றைக்கே வந்து அளந்துகொண்டு போனான். நல்ல பொடியன். நல்லாகக் கதைப்பான்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவன் வேலை செய்த இரண்டு வீடுகளுக்குப் போனேன். ஆம்பிளைகளிடம் கேட்கவில்லை. அவர்கள் வாசலில் நின்று நல்ல வேலை என்பார்கள். உள்ளே கிடக்கிறவளுக்குத்தான் மேலே என்ன என்று தெரியும். முதல் வீட்டில் குறை சொல்லவில்லை. இரண்டாவது வீட்டுக்காரி தேத்தண்ணி தந்தாள். பிறகு சமைக்கிற குசினிக்குக் கூட்டிப் போய் மேலே கையைக் காட்டினாள். ஈரக்கறை. நேர் கீழே ஒரு வாளி. முன் அறையும் இப்படித்தான் இருந்ததாம். அதைக் காரைதீவு மேசன் ஒருவரைக் கொண்டு திரும்பப் போட்டாளாம். அங்கே கறை இல்லை.

ஒரு வீடு கெட்டதற்காக அவனைத் தள்ளலாமா என்று யோசனை. அவன் வேலை நடக்கும் இடத்துக்கும் போனேன். மண் குவிந்து கிடந்தது. அவன் போனில் கதைத்தபடி மற்றப் பக்கம் திரும்பினான். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் மண், கம்பியைத் தின்கிறது. துப்புவதற்குள் அவன் திரும்பிவிட்டான். விழுங்கினேன்.

வீடு வரும் வரை பல்லில் நறநறத்தது.

காரைதீவு மேசனைக் கூப்பிட்டேன். பார்த்தார், தட்டினார், அதிகம் கதைக்கவில்லை. மண் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"ஆத்து மண் நான் கொண்டு வாறன் ராத்தா. இறக்கக்குள்ள நீங்க நிண்டு பாருங்க. பிடிக்காட்டி லொறிய அப்படியே திருப்பி அனுப்புங்க."

அவரிடமே கொடுத்தேன். முன்பின் தெரியாத ஆள். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

மருமகனை வரச்சொல்லி முகத்துக்கு நேரே சொன்னேன்.

"மகன், உங்கட மண்ணுல உப்பு இரிக்கி."

"கழுவித்தான் மாமி போடுற."

"எங்க வெச்சிக் கழுவுற?"

"உம்மா கேட்டா என்ன சொல்ற?" என்றான்.

"மாமிக்கு விசர் புடிச்சிட்டு எண்டு சொல்லுங்க. நான் இல்லெண்டு சொல்ல மாட்டன்."

கணவர் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

லொறி வந்தது. மேசனுக்கு முன்னாலேயே மண்ணை நாக்கில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பிளேட் போட்டார்கள். மேலே தண்ணீர் கட்டி நிறுத்தினோம். காயக் காய நான் ஏறி ஊற்றினேன். ஒவ்வொரு தரமும் வெடிப்பு இருக்கிறதா என்று தேடினேன்.

பிளேட்டைத் தாங்கிய முட்டுக்கம்பு கழற்றும் நாள் மருமகன் வந்து கேற்றடியில் நின்றான். நான் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. மேசன் எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார். முதல் கம்பைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மற்றவை. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

எல்லாம் கழற்றிய பிறகு மருமகன் உள்ளே வந்து மேலே பார்த்தான். மேசனின் ஏணியில் ஏறி உள்ளங்கையால் தடவினான்.

"நல்லாப் போட்டிரிக்கி மாமி."

தேத்தண்ணி குடிக்காமல் போனான்.

மதினி, அவன் உம்மா, இன்னும் வரவில்லை. கலியாணத்துக்கு வருவாவோ தெரியாது. மகள் அந்த அறையில் படுக்கிறாள். மழை பெய்தால் நான் போய் மேலே பார்க்கிறேன்.