நான்கு நொடி இருட்டு

இதை ஜோடித்துச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் பாலக்கோட்டுக்குப் போய்க் கலைமணியைப் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். மேசையில் கேமராவுக்குப் பக்கத்தில் பல் துலக்கும் பிரஷ் கிடக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை துலக்கி ஈறெல்லாம் புண். நடந்ததை மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். பாதியிலேயே எழுந்து வாந்தி எடுக்க ஓடிவிடுவாள். அவள் வரும்வரை கடையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நடந்தது 2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை. பேய்க் கதை என்றால் நடுராத்திரி என்று யார் எழுதி வைத்தார்களோ, இது பட்டப்பகல். மண்டையைப் பிளக்கும் வெயில்.

கலைமணியின் தங்கை சசிகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அன்பு, ஓசூரில் வேலை. தண்ணீருக்கு அடியில் பட்டுப்புடவையோடு போட்டோ எடுக்கலாம் என்ற யோசனை அந்த இரண்டு பேருடையதும் இல்லை. கலைமணியுடையது. இந்தப் பக்கம் ஒருத்தரும் எடுத்ததில்லை, நாம்தான் முதலில் எடுக்க வேண்டும் என்ற அரிப்பு. அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்றாள். "சசிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இந்த வூட்டுப் படி ஏற மாட்டேம்மா" என்று சத்தியம் செய்துதான் கலைமணி தங்கையைக் கூட்டி வந்தாள். அன்றைக்கு அவளுக்கு வேறு கவலையே இல்லை. சசியை இறக்கின மாதிரியே பத்திரமாக மேலே ஏற்ற வேண்டும்.

கிணறு ராஜப்பன் என்ற தக்காளி விவசாயியுடையது. அன்புதான் போனில் பேசிப் பிடித்திருந்தான். கல் கட்டி, அடிவரை படி வைத்த பெரிய கிணறு. தண்ணீர் ததும்ப நின்றது.

"யாராச்சும் உள்ள விழுந்து கிழுந்து..." என்று கலைமணி இழுத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் ராஜப்பன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பாஞ்சாலி சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

கலைமணி பெங்களூரிலிருந்து இரண்டு ஸ்ட்ரோப் வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள். ஸ்ட்ரோப் என்பது தண்ணீருக்கு அடியில் அடிக்கும் பிளாஷ். கேமராவின் இரண்டு பக்கமும் நண்டுக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கிணற்றில் பத்தடி இறங்கினால் பகலிலும் ஆள் நிழலாகத்தான் தெரியும். ஸ்ட்ரோப் அடிக்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரம் மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரியும். மறுபடி அடிக்க அதற்கு நான்கு நொடி வேண்டும். கீ... என்று சன்னமாக ஒரு சத்தம். பிறகு பச்சை விளக்கு. அந்த நான்கு நொடியும் இருட்டு.

அதன் பேட்டரி மூடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. வளையத்தில் ஒரே ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே இறங்கி ஸ்ட்ரோப் வீணாகிவிடும். கிணற்று மேட்டில் உட்கார்ந்து கலைமணி மூடியைத் திறந்தாள். உள்ளே முடி. முழ நீளம். ஈரமாக இருந்தது. நுனியில் வெள்ளையாக வேர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கருமம்! இத வாடகைக்கு விட்டவன் என்னத்தத் தொடச்சானோ" என்று துணியால் வழித்து எறிந்தாள். கலைமணிக்குக் கிராப்பு. சசிகலாவுக்குச் சுருட்டை முடி. மூடினாள். மனசு கேட்கவில்லை, மறுபடி திறந்தாள்.

இப்போது இரண்டு முடி.

கையை மண்ணில் மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். அப்போதே மூட்டை கட்டியிருக்கலாம். அந்த அரிப்பு விட்டால்தானே.

பதினொன்று இருபதுக்கு அக்காவும் தங்கையும் இறங்கினார்கள். கரையில் சின்ன கம்ப்ரசர். அதிலிருந்து நீளமாக ஒரு ஹோஸ். ஹோஸ் முனையில், பல்லால் கடித்துக்கொண்டு மூச்சு விடும் ரப்பர். இருந்தது அது ஒன்றுதான். கலைமணி கடித்திருப்பாள். சசிகலாவுக்கு மூச்சு வேண்டுமென்றால் அக்காவின் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். வாங்கி நாலு மூச்சு இழுத்துத் திருப்பிக் கொடுப்பாள். கூடப் பிறந்தவள்தானே, எச்சில் என்ன எச்சில்! சசியின் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை கரையில் அன்புவின் கையில். கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் அவன் தூக்கிவிடுவான்.

முதல் இருபது படம் அருமையாக வந்தது. ஸ்ட்ரோப் அடிக்கும்போதெல்லாம் தண்ணீரில் மிதக்கும் பாசியும் தூசும் வெள்ளை வெள்ளையாக மின்னின. இதையா வாயருகே வைத்திருக்கிறோம் என்று கலைமணி ரப்பரை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

பதினொன்று நாற்பத்தேழுக்கு இடது ஸ்ட்ரோப்பின் கால் தளர்ந்து தொங்கியது. கலைமணி சுவர்ப் பக்கம் திரும்பி, இருட்டில் தடவித் தடவித் திருகை முடுக்கினாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பினாள். எதிரே கல்படியில் சசி நிற்பது நிழலாகத் தெரிந்தது.

அடித்தாள்.

பளிச்.

முகம் மட்டும் தெரிந்தது. முடி நேராகத் தொங்கியது. தண்ணீருக்குள் முடி மிதக்கும். இது வாரிவிட்ட மாதிரி கீழே தொங்கியது. சுருட்டைகூட நீண்டுவிட்டதே, முகத்தை மறைக்காமல் நல்லதாய்ப் போயிற்று என்று கலைமணி நினைத்தாள்.

கீ...

இருட்டு.

பச்சை விளக்கு.

பளிச்.

மூக்கிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. கண் கேமராவைப் பார்க்கவில்லை. கலைமணியின் வாயைப் பார்த்தது. வாயில் இருந்த ரப்பரை.

கீ...

இருட்டு.

மணிக்கட்டில் ஒரு தட்டு.

இன்னொரு தட்டு.

விரல் ஜில்லென்று, கொழகொழவென்று இருந்தது. பாசி என்று நினைத்தாள். ரப்பரை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டது.

பளிச்.

பத்து நொடி... இருபது நொடி... முப்பது...

குமிழி விடும் சத்தமே இல்லை.

கலைமணிக்கு நெஞ்சு எரிந்தது. ஹோஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். ரப்பரைப் பல் நறநறவென்று அரைப்பது அவள் கைக்குத் தெரிந்தது.

விட்டது.

வாயில் வைத்துக் கடித்தாள். இழுத்தாள்.

காற்றோடு சேர்ந்து ஏதோ வந்தது...

கெட்டியாக. வழவழவென்று.

செத்த எலி கிடந்த தொட்டித் தண்ணீரின் ருசி.

பல்லிடுக்கில் முடி...

துப்பினாள். கேமராவை விட்டாள். மேலே பாய்ந்தாள்.

படியில் ஏறி விழுந்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பிறகுதான் நினைவு வந்தது. "சசி! சசி உள்ள இருக்கா!"

"இங்கதானக்கா இருக்கறேன்" என்றாள் சசிகலா. துண்டைப் போர்த்திக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப ஏறுன?"

"அப்பவே. இவரு பாட்டுக்கு இழுத்துட்டாரு."

"கயிறு ரெண்டு தடவ இழுத்துச்சுங்க, தூக்கிட்டேன்" என்றான் அன்பு.

"நான் இழுக்கவே இல்ல" என்றாள் சசிகலா.

நனைந்த புடவையோடு முகத்தைச் சுளித்து உட்கார்ந்திருந்தவளை அன்பு தன் போனில் ஒரு படம் எடுத்திருந்தான். நேரம் 11.48. வார் மாட்டியிருந்ததால் கேமரா கலைமணியின் தோளிலேயே தொங்கியது. கடைசி மூன்று படம்: 11.50, 11.50, 11.51.

மூன்றிலும் ஒரு பெண் இருந்தாள். சசிகலா வயசுதான். தாடையில் ஒரு மச்சம். சசிகலாவுக்கு மச்சம் கிடையாது. மூன்றாவது படத்தில் அவள் ரப்பரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கலைமணி ராஜப்பனைத் தேடினாள். ஆள் இல்லை. மூன்று படத்தையும் அங்கேயே அழித்தாள். ஆனால் கேமராவில் எடுப்பதெல்லாம் கரை ஏறியதும் தானாகவே அன்புவின் போனுக்குப் போய்விடும்படி வைத்திருந்தார்கள். அந்தப் புத்திசாலி எதையும் சரியாகப் பார்க்காமல் மொத்தத்தையும் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டிருந்தான். அவன் போனில் ராஜப்பன் நம்பரும் இருந்தது.

நான்காம் நாள் காலை பத்தரைக்கு பாஞ்சாலி பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கு வந்தாள். தனியாக. கையில் போன். திரையில் அந்த மூன்றாவது படம்.

"இது எங்க பொண்ணு மேனகா" என்றாள். "எட்டு வருஷம் ஆச்சு. இத ஒரு காப்பி போட்டுக் குடு கண்ணு."

கலைமணி திரையைப் பார்க்காமல் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

"கடைசியா அவ மொகத்த நாங்க பாக்கல. பதினோரு நாளு தேடுனோம். எவன்கூடவோ பெங்களூருக்கு ஓடிட்டான்னு ஊரே பேசுச்சு. பதினோராம் நாளு மோட்டார் பைப்பு அடைச்சுக்கிச்சு. கழட்டிப் பாத்தா உள்ள பூரா முடி. அப்பறம்தான் கெணத்துல ஆளு எறக்கி எடுத்தாங்க. மொகம் இல்ல கண்ணு. மீனு தின்னுருச்சு."

"உங்க வூட்டுக்காரர் ஒண்ணுமில்லன்னாருங்களே" என்று கலைமணி கத்தினாள். அப்படி ஒரு அருவருப்பு அந்த மனிதர்மேல் வந்தது.

பாஞ்சாலி கோபப்படவில்லை. "அவரு அப்படித்தான் சொல்லுவாரு. வெளிய சொல்ற மாதிரியா இருக்குது? அந்தப் பதினோரு நாளும் நாங்க குடிச்சது, சோறாக்குனது எல்லாமே அந்தத் தண்ணிதான். ஒருத்தருக்கும் தெரியல. ருசி கொஞ்சங்கூட மாறல கண்ணு."

கலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டே பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். பாஞ்சாலி அதை முந்தானையில் பொதிந்துகொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் கலைமணி தங்கைக்குப் போன் போட்டாள்.

"சசி, அன்னைக்கு கெணத்துத் தண்ணி ஏதாச்சும் வாய்க்குள்ள போச்சா?"

"ரெண்டு வாய் முழுங்கிட்டேன்க்கா. ஏன்?"

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா... தித்திப்பாத்தான் இருந்துச்சு."