வெயில் தாழக் காத்திருந்த மாப்பிள்ளை வண்டி

பிள்ளைகளே, காருக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் வெளியே எத்தனை டிகிரி வெயில் என்று ஓர் எண் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணால்தான் உங்கள் அம்மா எனக்குக் கிடைக்காமல் போகப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஏப்ரல் மாதம், பாறசாலைக்குப் பக்கத்தில் வேதக்கோயிலில் கல்யாணம். என் தாய்மாமா வளைகுடாவிலிருந்து கப்பலில் இறக்கிய ஏசி காரில் என்னைக் கூட்டிப்போனார். வழியெல்லாம் எண் முப்பத்திமூன்றில் கிடந்தது. கோயில் வாசலில் நிறுத்தியதும் ஏற ஆரம்பித்தது.

"மக்கா, எறங்காத. முப்பத்தேழு ஆக்கும். கோட்டும் சூட்டுமா எறங்குனா தல சுத்தி விழுவ."

"போதகர் காத்திருக்காரு மாமா. அவருக்கு நெய்யாற்றின்கரையில வேற கல்யாணமும் உண்டு."

"நான் வேல பாத்த எடத்துல இந்தச் சூட்டுக்கு ஒருத்தனும் வெளிய எறங்கமாட்டான். கொஞ்சம் தாழட்டு."

எங்கள் சபையில் மாப்பிள்ளை உள்ளே போகாமல் பெண் வண்டியை விட்டு இறங்கமாட்டாள். உங்கள் அம்மா பட்டும் முக்காடுமாக எங்களுக்குப் பின்னால் ஒரு வாடகை அம்பாசிடரில் இருந்தாள். அதில் ஏசி கிடையாது.

அவளுடைய அண்ணன் வந்து கண்ணாடியைத் தட்டினார். "எறங்கல்லியா?"

மாமா எண்ணைக் காட்டினார். "நீ நிக்கியது நாப்பத்தொண்ணுல ஆக்கும், தெரியுமா?"

அதுவரை சும்மா நின்றவர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகுதான் கோபம் வந்தது. "எனக்க தங்கச்சியும் அந்தச் சூட்டுலதான் இருக்கா!"

இந்த எண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறேன். முன்பம்பருக்குப் பின்னால் சுண்டுவிரல் நுனியளவு ஒரு சாமான் உண்டு. சூடு கூடக் குறைய அதில் ஓடும் மின்சாரமும் மாறும். அதைத்தான் வண்டி டிகிரியாக்கிக் காட்டும். ஓடும்போது புதுக்காற்று படும், எண் ஏறக்குறைய சரியாக இருக்கும். நின்றால் தாரின் சூடும் ரேடியேட்டரின் சூடும் அதைச் சுடும். நின்ற வண்டியில் எண்ணை ஏறவிடாமல் பிடித்துவைக்கிற புத்தி சில வண்டிகளுக்கு உண்டு. மாமாவின் வண்டிக்கு இல்லை. நாங்கள் குளிர் வேண்டும் என்று எஞ்சினை ஓடவிட்டோம். அந்தச் சூட்டில் எண் ஏறியது. எண்ணுக்குப் பயந்து உள்ளேயே இருந்தோம். வெயில் பாவம், அது பாட்டுக்கு முப்பத்திமூன்றிலேயே நின்றிருக்கும்.

நாற்பத்திமூன்று ஆனதும் மாமா கியரைப் போட்டார். "ஒரு சுத்து போயிட்டு வருவோம். ஏசி நல்லாப் பிடிக்கும்."

வாசலில் நின்றவர்கள் கண்டது, மாப்பிள்ளை வண்டி மாப்பிள்ளையோடு நெடுஞ்சாலையில் ஏறிப் போனதை. திரும்பிப் பார்த்தேன். அம்பாசிடர் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது, உள்ளே பெண்ணோடு.

உதியன்குளங்கரை சந்திப்புக்கு வரும்போது எண் முப்பத்திரண்டு. மாமாவுக்கு முகமெல்லாம் பல். ஓரமாக நிறுத்தினார். அம்பாசிடர் குறுக்கே வந்து நின்றது.

"எங்கவே ஓடுதியரு?" அண்ணன் கதவைப் பிடுங்கித் திறந்தார்.

"யாரு ஓடுனா? வெயிலு தாந்தாச்சு. இப்ப எறங்கலாம்."

"இங்க எறங்கி என்ன செய்ய? கோயிலு அங்கயல்லா கெடக்கு!"

அண்ணன் எங்கள் வண்டியிலேயே ஏறி மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கோயில் வாசலில் வண்டி நின்றதும், மாமா எண்ணைப் பார்க்குமுன் அண்ணன் சாவியைத் திருகி உருவிவிட்டார். எண் அணைந்தது, ஏசியும் நின்றது. நான் இறங்கி நடந்தேன். மாமரத்தடியில் கொஞ்சம் காற்றுகூட இருந்தது.

போதகர் இன்னும் போகவில்லை. "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ள உமக்குச் சம்மதமா?" என்று வழக்கம்போல் கேட்டார். "சம்மதம்" என்றேன். அவர் பெண்வீட்டார் பக்கம் பார்த்துவிட்டு, "பின்பெஞ்சுக்குக் கேட்கச் சொல்லும்" என்றார். கத்தினேன். வியர்வை கழுத்தில் வழிந்தது. சபையார் அதைப் பயம் என்று நினைத்திருப்பார்கள். கைகளைச் சேர்த்துவைத்தபோது உங்கள் அம்மா என் விரல்களை எலும்பு நோகப் பிடித்தாள். ஜெபம் முடிந்தும் விடவில்லை.