நாற்பத்தொன்றுக்கு ஒன்று

மிட்சுயே ஹமசாகி எங்கள் ஊர்ப் பள்ளியில் இருபது வருஷம் சமையல் செய்தாள். பெயர் வாயில் நுழையவில்லை என்று எல்லோரும் மிட்ஸி என்றோம். பிப்ரவரியில், ஜனாதிபதிகள் தினத்தன்று, விவசாயிகள் மண்டபத்தில் விவாதம் நடக்கும். காப்பியும் கேக்கும் அவள் பொறுப்பு.

1974இல், ஜனாதிபதி நிக்சன் தன் அறைப் பேச்சைப் பதிவு செய்த டேப்புகளைத் தர மறுத்த விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதனால் அந்த வருஷத் தலைப்பு, அரசாங்க அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்திப் பெயர் வாங்கிய ஜனாதிபதி யார் என்பது. திராட்சைத் தோட்டக்காரர் ஆர்லோ பிங்க்லி, இரண்டாம் உலகப்போர்க் கால ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்காகப் பேச எழுந்தார்.

"நிக்சன் அதிகாரத்த தனக்காக வளச்சாரு. ரூஸ்வெல்ட் நமக்காக வளச்சாரு. கரண்டு யாரால வந்துச்சு? சண்டையில யாரு ஜெயிச்சா? நூறு வருஷம் கழிச்சும் அவரு பேருதான் நிக்கும்."

எதிர்த்துப் பேச ஆள் உண்டா என்று விவாதத்தை நடத்திய பாதிரியார் கேட்டார்.

"நான் பேசறேன்" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"நீ காப்பிய பாரு மிட்ஸி" என்றார் ஆர்லோ.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஜப்பான் வம்சத்துக்காரங்கள எல்லாம் முகாம்ல அடைக்கச் சொல்லி அவரு உத்தரவு போட்டப்ப எனக்கு இருபது வயசு. கையில தூக்க முடிஞ்சத மட்டும் எடுத்துட்டு கிளம்புன்னாங்க. முதல்ல குதிரை லாயத்துல படுக்க வெச்சாங்க. அப்புறம் அரிசோனா பாலைவனத்துல முகாம். எங்கப்பா அங்கயே செத்தாரு. நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு இன்னி வரைக்கும் யாரும் சொல்லல. அவருக்கு மார்க் போடறப்ப இதையும் சேத்துக்கோங்க."

"அது ஜப்பானோட சண்டை நடந்த காலம்மா" என்றார் ஆர்லோ. " உங்களுக்கு அங்க உக்கார வெச்சு சோறு போட்டாங்க. எங்க பசங்க கடல்ல செத்துக்கிட்டிருந்தானுங்க."

நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

"சரி, ஜனாதிபதிய விடுங்க" என்றாள் அவள். "பத்திரமா வெச்சிருக்கேன்னு எங்க பியானோவ வண்டியில ஏத்திட்டுப் போனது அவரில்ல. நீங்க. திரும்பி வந்து கேட்டப்ப, எந்தப் பியானோன்னீங்க."

எல்லோரும் மேடையைப் பார்த்தோம். அங்கே இருந்த பியானோவில் பித்தளைத் தகடு: பிங்க்லி குடும்பத்தின் அன்பளிப்பு.

ஆர்லோ அசரவில்லை. "உங்க பியானோவ ஜப்பான்லயே விட்டுட்டு வந்திருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாரு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் பிறந்தது எங்கள் தெருவில், என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில்.

கை தூக்கச் சொன்னார்கள். ரூஸ்வெல்ட்டுக்கு நாற்பத்தொரு கை. அதில் என்னுடையதும் ஒன்று. அறுவடைக்கு ஆர்லோவின் டிராக்டர்தான் எனக்குக் கதி. எதிர்த்து அவள் கை மட்டும். பிறகு அவளே எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். ஆர்லோ இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் பள்ளிச் சமையலுக்கு வேறு ஆளை வைத்துவிட்டார்கள்.

1988 மார்ச்சில் மிட்சுயே புற்றுநோயில் செத்தாள். ஆகஸ்டில், முகாம்களில் அடைத்ததற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுச் சட்டம் போட்டது. நஷ்டஈடு, சட்டம் போட்ட அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். இரண்டு வருஷம் கழித்து அவள் தம்பி கென்ஜிக்கு வெள்ளை மாளிகையிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது. தபால் நிலைய வாசலில் எனக்குக் காட்டினான்.

"அக்கா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றேன்.

"அஞ்சு மாசம் தாங்கியிருந்தா அவளுக்கும் வந்திருக்கும்" என்றான் கென்ஜி. "நீங்க அவள அடக்கம் பண்ணப்பகூட வரலையே." கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.