அறந்தாங்கியில் கரண்ட் இல்லாத நாள்

அறந்தாங்கியில் இன்று கரண்ட் இருக்காது என்று ஆபீஸ் சாட் குழுவில் எழுதியவன் நான்தான். அன்று காலை மேடத்தின் பெயருக்குப் பக்கத்தில் வழக்கம்போல் பச்சைப் புள்ளி வந்தது. கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளானது. மதியத்துக்கு மேல் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் மண்டையைக் குடைந்துகொள்ள ஒன்றுமில்லை. மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு வேலை என்று லைனை நிறுத்துவார்கள். மோடம் அணைந்தால் ஆளும் அணைந்த மாதிரிதான். சேலத்திலிருந்து வேலை செய்கிற பெண் மேடத்தை எங்கே காணோம் என்று கேட்டபோது, ஒரே மாவட்டத்துக்காரன் என்ற உரிமையில் "ஷட்டவுனா இருக்கும், சாயங்காலம் வந்துருவாங்க" என்று பதில் போட்டேன். எல்லோரும் சரி என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மேடத்துக்குத் தனியாகவும் ஒரு செய்தி அனுப்பினேன். "மேடம், கரண்ட் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

மேடம் என்பவர் எங்கள் டீம் லீட். கம்பெனி சென்னையில் இருக்கிறது. நாங்கள் யாரும் சென்னையில் இல்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்குப் போய் வேலை பாருங்கள் என்று அனுப்பியவர்கள், பிறகு அந்த அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள். நான் கந்தர்வக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் வேலைக்குச் சேர்ந்தவர் மேடம், அறந்தாங்கியிலிருந்து. மருத்துவக் காப்பீடு கேட்டு வரும் ஆஸ்பத்திரி பில்களையும் நோயாளியின் விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது செல்லும், இது செல்லாது என்று குறிப்பது எங்கள் வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் வியாதிகளைப் படித்துக்கொண்டிருப்போம். ஊரில் கேட்பவர்களிடம் இதை விளக்கிச் சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர்களும் பாதி நம்பினார்கள்.

மேடம் வந்ததும் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். காலையில் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரு குரல் அழைப்பில் சேர்ந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரம் வரை அதை வெட்டக் கூடாது. பேச வேண்டியதில்லை. மைக்கை மட்டும் திறந்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். "பக்கத்து சீட்டுல ஆளு இருக்குற மாதிரி இருக்கட்டும்ங்க, பேயடிச்ச மாதிரி தனியா உக்காந்திருக்க வேணாம்" என்றார். கேமராவை யாரும் போடுவதில்லை, போட்டால் எங்கள் ஊர் நெட் திணறும். அதனால் ஒருவருக்கொருவர் நாங்கள் வெறும் சத்தங்களாக இருந்தோம். திருநெல்வேலிக்காரர் வீட்டில் ஒரு குழந்தை எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். சேலத்துப் பெண் தட்டச்சு செய்யும்போது உதட்டுக்குள் முணுமுணுப்பாள். மேடத்தின் பக்கம் ஓர் இரும்பு கேட் உண்டு. திறக்கும்போது ஒரு கிறீச்சும், மூடும்போது இன்னொரு கிறீச்சும் எழும். என் பக்கம் முந்திரித் தோப்பிலிருந்து மயில் வந்து மாடிச் சுவரில் உட்கார்ந்து அகவும். "தம்பி, ஒங்க மயிலு லாகின் பண்ணிருச்சு போல" என்பார் மேடம். அவ்வளவுதான், மறுபடி வேலைக்குள் போய்விடுவார்.

அந்தக் குரல் எங்கள் வீட்டுக்கும் பழகிவிட்டது. மாடிக்குக் காப்பி கொண்டுவரும் அம்மா, கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். அதிர்ந்து பேசாத குரல். வாக்கியத்தின் கடைசியில் லேசாக இழுக்கும். திட்டினாலும் அப்படித்தான் இழுக்கும், திட்டு வாங்கியவனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கும். ஒருநாள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்ளலாம், அவர் அங்கிட்டிருந்து ஒரு பஸ், நான் இங்கிட்டிருந்து ஒரு பஸ் என்று பேசிக்கொள்வோம். தீபாவளிக்குப் பேசினோம், பொங்கலுக்குப் பேசினோம். தினமும் காதுக்குள் இருக்கிற ஆளைப் பார்க்க எதற்குப் பஸ் ஏற வேண்டும் என்று இருந்துவிட்டோம் போல.

அன்று சாயங்காலம் கரண்ட் வரவில்லை, மின்னஞ்சல் வந்தது. கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து, ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று தொடங்கியது. காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, எங்கள் அழைப்பில் சேர்வதற்கு முன் தண்ணீர் எடுக்க எழுந்தவர் அப்படியே விழுந்திருக்கிறார். மாரடைப்பு. அறந்தாங்கியில் அன்று நாள் முழுக்கக் கரண்ட் இருந்திருக்கிறது. குழுவில் ஒவ்வொருவராகக் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். நானும் போட்டேன். அதற்குக் கீழேயே, சனிக்கிழமை சர்வர் சற்று நேரம் இயங்காது என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதையும் படித்தேன். மேடத்துக்கு நான் அனுப்பியிருந்த செய்தி, படிக்கப்படாமல் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி மேடம் செத்துப்போயிட்டாங்க, செத்துப்போயிட்டாங்க என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாதியில் நின்ற க்ளெய்மை முடித்துவிட்டுக் கீழே இறங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அறந்தாங்கிக்குப் போனேன். சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்ட அந்தப் பஸ்ஸில்தான் போனேன். தெருமுனையில் இறங்கி எந்த வீடு என்று தேடிக்கொண்டிருந்தபோது கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன், பந்தல் போட்ட வீட்டின் கேட். உள்ளே கண்ணாடிப் பெட்டி. மாலைகளுக்கு நடுவே ஓர் அம்மாளின் முகம், பொட்டு பெரிதாக வைத்திருந்தார்கள். நான் மனதில் வைத்திருந்த மேடம் ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். அப்படி எனக்கு யாரும் சொன்னதில்லை, குரலை வைத்து நானாக முடிவு செய்துகொண்டது. பெட்டியில் இருந்தவரை எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் பார்த்தும் அந்த முகத்தோடு அந்தக் குரலை ஒட்டவைக்க முடியவில்லை. யாரோ ஒருவருடைய துக்கத்துக்கு வழிதவறி வந்துவிட்டவனைப் போல நின்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் நீங்கள் யார் என்று கேட்டார்.

"கூட வேலை பாக்குறேங்க."

"எந்த ஆபீஸ்ல? அது வீட்ட விட்டு எங்கிட்டும் போகாதே."

தலையை ஆட்டினேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேடத்தின் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார். பெட்டியின் தலைமாட்டில் பேண்ட் சட்டையோடு நின்றிருந்தார். அவருடைய பையில் விமானத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் தொங்கியது. அவரும் அழவில்லை. புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற மகள் என்னிடம் வந்து, "நீங்க மயிலு வச்சிருக்குற அண்ணனா?" என்று கேட்டாள். வச்சிருக்கலம்மா, அதுவா வருது என்றேன். அந்த இடத்தில் சொல்லக் கூடிய பதிலா அது என்று இப்போதும் தெரியவில்லை. அவள் லேசாகச் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவளே போன் செய்தாள். அம்மாவின் குரல் ஆபீஸில் எங்காவது இருக்குமா என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. உங்களிடம் இல்லாமலா என்றேன். இல்லையாம். விசேஷங்களில் வீடியோ எடுப்பதே அம்மாதானாம், அதனால் எதிலும் அவர் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பழக்கமும் கிடையாது. "காலையிலேருந்து ஒங்க கூட லைன்ல இருப்பாங்கள்ல, சத்தம் போடக் கூடாதுன்னு எங்களுக்கு எல்லாமே மெசேஜ்தாண்ணே. காலேஜ் லீவுன்னா நான் பக்கத்து ரூம்ல இருப்பேன், சோறு எடுத்து வச்சிட்டேன், வான்னு டைப் பண்ணுவாங்க. ராத்திரி அப்பாகூட போன்ல பேசுனதெல்லாம் பேசுனதோட போச்சு, இப்ப அவரு பழைய மெசேஜெல்லாம் எடுத்து எடுத்துப் படிக்கிறாரு. லீவு முடிஞ்சு போறதுக்குள்ள ஒரு தடவை குரலக் கேக்கணும்ங்கிறாரு. வந்ததுலேருந்து அவரு வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்." அவள் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் போனை வைத்த பிறகு, மைக்கைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் பேசாமல் இருந்த அத்தனை காலைகளையும் நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்குச் சேர வேண்டியதை எங்கள் காதில் கொட்டியிருக்கிறார், நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே பில் பார்த்திருக்கிறோம்.

குரல் அழைப்பு எதுவும் பதிவாவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வுக் கூட்டம் மட்டும் பதிவாகும், அதுவும் சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். நான் போய்த் திறந்தபோதே பழையவை போய்விட்டிருந்தன. மிச்சம் இருந்தவையும் வாரத்துக்கு ஒன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. சென்னையில் இருக்கும் மேனேஜரிடம் கேட்டேன். "எனக்குப் புரியுது, ஆனா எல்லாத்துலயும் பேஷண்ட் பேரு இருக்கே, எப்படி வெளிய குடுக்குறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் ஒரு பதிவு போனது. மறுபடி எழுதினேன், இன்னொன்று போனது. கடைசியில், நோயாளி பெயரோ விவரமோ ஓர் எழுத்துகூட இல்லாத பகுதி இருந்தால் வெட்டி அனுப்புங்கள், நாங்கள் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று அனுமதித்தார்கள்.

உட்கார்ந்து கேட்டேன். மேடம் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனார். யாருக்கோ கல்லடைப்பு, யாருக்கோ சிசேரியன், யாருக்கோ இரண்டாவது முறை டயாலிசிஸ். ஒரு மூச்சு விடுவார், அடுத்த பெயரைச் சொல்லிவிடுவார். மயிலைப் பற்றிச் சொன்னதெல்லாம் பதிவாகாத காலைகளில் போய்விட்டிருந்தது. தனக்கென்று, வீட்டுக்கென்று ஒரு வாக்கியம் அவர் பேசியிருப்பார் என்று தேடினேன். வேலை நேரத்தில் வேலையைத் தவிர வேறு பேசாத ஆள். இதற்காக அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது, துக்கம் அப்போதும் வரவில்லை. மற்றப் பதிவுகள் எடுத்த எடுப்பிலேயே ஒரு பெயரோடு தொடங்கின; மிஞ்சியது ஒரே ஒரு கூட்டத்தின் தொடக்கம், முதல் பெயரைச் சொல்வதற்கு முந்தைய சில நொடிகள். நாற்காலி இழுபடுகிறது. தொண்டையைச் செருமுகிறார். வணக்கம் சொல்கிறார். அவ்வளவையும் வெட்டி அனுப்பினேன். கேட்டுவிட்டு, கொடுக்கலாம் என்றார்கள்.

வீட்டுக்காரர் குவைத்துக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் மத்தியானம் அதை என் போனில் கொண்டுபோனேன். கூடத்தில் பெட்டிகள் கட்டிக் கயிறு போட்டு வைத்திருந்தார்கள். அவர் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். ரொம்பச் சின்னதுதாங்க, எதிர்பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனைத் தரையில் வைத்தேன். மகள் மின்விசிறியை நிறுத்தினாள்.

நாற்காலி இழுபட்டது. மேடம் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் வணக்கங்க. நான் பேசுறது கேக்குதா?"

பிறகு அமைதி. அந்த இடத்தில் நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்கிறது என்பதற்கு ஆளுக்கொரு கட்டைவிரல் படத்தை அமுக்குவோம். திரையில் வரிசையாகக் கட்டைவிரல்கள் எழும். பதிவில் அவற்றுக்குச் சத்தம் கிடையாது. அந்தக் கூடத்தில் கேட்டபோது, கேள்வி கேட்டுவிட்டு ஒரு பெண் பதிலுக்காகக் காத்திருக்கிறாள், யாரும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான் இருந்தது. மேடம் மறுபடி, கொஞ்சம் இழுத்து, "கேக்குதா?" என்றார்.

"கேக்குது, சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

அத்தனை வருஷம் குவைத்திலிருந்து போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், தரையைப் பார்த்தபடியே சொன்னார். சொல்லிவிட்டு, காது கொடுப்பவரைப் போலத் தலையைச் சற்றுச் சாய்த்தார். அடுத்து மேடம் சொன்னது ஒரு நோயாளியின் பெயர். அதற்கு முன்னால் நான் வெட்டியிருந்தேன்.