கண்ணுக்கு வேலை

ஈஜிபுராவில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அவரை நான் சந்தித்தது ஆஸ்பத்திரி வார்டில். இருவருமே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதற்கு ஆபரேஷன் செய்துகொள்ள வந்திருந்தோம். ஒல்லியான ஆள். இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்ப்பதுபோல, விரலை நாக்கில் தொட்டு அந்த நரம்பின்மேல் வைத்து வைத்துப் பார்ப்பார்.

கையெழுத்து வாங்க வந்த டாக்டரம்மா, ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம், சீழ் பிடிக்கலாம், கணுக்கால் மரத்துப்போகலாம் என்று அடுக்கினார். எனக்கு வியர்த்துவிட்டது. இஸ்திரிக்காரர் ஒன்றுதான் கேட்டார்.

"மரத்துப்போனா, கரி நெருப்பு கால்ல வுழுந்தா தெரியுமா மேடம்?"

"தெரியாமப் போகலாம். நிறைய பேருக்கு உணர்ச்சி திரும்பிடும். சிலருக்கு வராது."

"பர்வாகில்ல. தோலுக்குத் தெரியலன்னா கண்ணுக்கு வேலை குடுக்கணும்" என்று கையெழுத்துப் போட்டார். எந்தப் பழமொழிப் புத்தகத்திலும் கிடைக்காத வார்த்தை. ஆனாலும் நான், யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் அவர் வண்டிக்குப் போனேன். ஒவ்வொரு சட்டையை மடித்ததும் குனிந்து இடது காலைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் மரப்புதானா அண்ணா?"

"ஆமா சார். ஆனா நிக்க முடியுது பாருங்க."

கடுக்கும் காலை நான் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தேன். ஸ்டூல்மேல் இருந்த துணி மூட்டையை இறக்கிவிட்டு, ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க உக்காருங்க சார்."