எழுத்தாணை இல்லாமல் பறிக்கப்பட்ட ஸ்கார்ஃப்

ஒரு சாரணியர் தலைவியின் கழுத்து ஸ்கார்ஃபைத் திரும்பப் பெற வேண்டுமானால், முதலில் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். பிறகு குழு கூடி முடிவெடுக்க வேண்டும். சங்கத்தின் விதி இவ்வளவுதான். அரசு அலுவலகத்தில் இத்தகைய விதிகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். அக்காவின் ஸ்கார்ஃபை மைதானத்தில் உருவிய பெருமகனுக்கு விதி படிக்க நேரமில்லை.

அக்கா பிறந்தது கொள்ளேகாலில். அப்பா காலமானதும் சாமராஜநகரில் ஆசிரியை வேலையில் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். அதற்காகத் தள்ளிப்போட்ட கல்யாணம் பிறகு நடக்கவே இல்லை. மைசூருக்கு மாற்றலாகி வந்தபின் பள்ளியின் சாரணியர் படைக்குத் தலைவியானார். நீலப் புடவையின் மேல் அவர் ஸ்கார்ஃப் அணிவதில் ஓர் ஒழுங்கு இருக்கும். மேசையில் விரித்து, விரல் பருமனுக்குச் சுருட்டி, முக்கோணம் முதுகில் விழ, முன்னால் தோல் வளையத்தை ஏற்றுவார். கிளம்பும்போது நுனியில் ஒரு சிறு முடிச்சு போடுவார். அன்று யாருக்காவது ஓர் உதவி செய்த பிறகே அதை அவிழ்ப்பது சாரணியர் வழக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தசரா அணிவகுப்பு. பார்வையிட வந்தவர் சங்கத்தின் மாவட்டத் தலைவர். கட்டட ஒப்பந்தக்காரர், நன்கொடையால் பதவிக்கு வந்தவர், நம் தமிழர்தான். முக்கோணத்தை மார்பில் தொங்கவிட்டு, சவரத்துக்கு உட்கார்ந்தவர் போல வந்தார்.

“ஏம்மா டீச்சர், கழுத்துல என்ன முடிச்சு? சந்தைக்குக் கொண்டுபோற துணியா?”

“இன்னிக்கு இன்னும் நல்ல காரியம் ஒண்ணும் செய்யலீங்க சார். செஞ்சதும் அவுத்துருவேன்.” அக்கா அவர் மார்பைப் பார்த்தார். “நீங்க முன்னபின்ன மாத்திப் போட்டிருக்கீங்க. கொஞ்சம் திரும்புங்க, சரி பண்ணிடறேன். என் முடிச்சும் அவுந்துரும்.”

வரிசை முழுவதும் சிரித்தது. அக்கா கேலி செய்யவில்லை. உண்மையாகவே உதவப் பார்த்தார். பதவியில் இருப்பவருக்கு உதவ முன்வரும் பிழையை அவர் வாழ்நாள் முழுவதும் செய்தார். அந்த மனிதர் வளையத்தோடு ஸ்கார்ஃபைப் பிடுங்கிக்கொண்டு, “நாளையிலிருந்து உனக்குப் படையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்றார்.

“பிடு தம்பி, விட்டுத்தள்ளு. துணிதானே,” என்று அக்கா கன்னடம் கலந்து என்னிடம் சொன்னார். ஆனால் அதன்பின் அவர் கழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. மைசூரில் எங்கள் விஜயநகர்ப் பகுதியின் மார்கழிக் காலையில் என்னைப் போன்ற ஓய்வூதியர்கள் காது மூட மஃப்ளர் சுற்றி நடக்க, அவர் வெறுங்கழுத்தோடு இருமிக்கொண்டு வருவார். மருத்துவமனையில் நர்ஸ் துண்டு சுற்றியபோதும் எடுத்துவிட்டார்.

அவர் கண்ணை மூடுமுன் ஸ்கார்ஃப் திரும்ப வேண்டும் என்று மாநிலத் தலைமையகத்துக்கு மனு அனுப்பினேன். பிறகு நினைவூட்டல்கள், ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில். அவர்கள் தாமதித்தார்கள். அக்கா காத்திருக்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு, இன்னும் அதே பதவியில் இருந்த அந்தப் பெருமகன் புகைப்படக்காரரோடு வந்தார். கையில் மாலையும் புது ஸ்கார்ஃபும்.

“அம்மாவுக்குப் போத்தி மரியாதை பண்ணிடலாங்க.”

“ஆர்டர் இருக்குங்களா?”

“சாவு வீட்டுல என்னங்க ஆர்டர்?”

“எடுக்கறப்பத்தான் கேக்கல. குடுக்கறப்பவாவது கேக்கறேன். மாலையைப் போட்டுட்டு, துணியை மடிச்சு எடுத்துட்டுப் போங்க.”

போனார். பாதி ஊர் பார்த்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும் நர்ஸுகளுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும், வரிசையாக வந்து நின்ற பழைய மாணவியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தக்காரருக்கும் அக்காவின் இந்த நினைவு மலர் பதிவுத் தபாலில் போகிறது. சங்க உறுப்பினர் அனைவருக்கும் சாதாரணத் தபாலில்.

தலைமையகத்தின் முடிவையும் உறவினர்கள் அறிய வேண்டும். அக்காவின் ஸ்கார்ஃபைப் பறித்தது விதிக்கு மாறானது. அதை அவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். பறித்தவர் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார், தம் ஸ்கார்ஃபை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். உரிய கையொப்பத்துடன் அக்காவின் பெயருக்கு இந்தப் பதில் வந்து சேர்ந்தது, அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்.